இயல்பான ரத்தத்துக்கு இங்கே பிரிவு இல்லை

"என் ரத்தத்தை நானே பார்க்கக் கூடாதாம்" என்றாள் மனைவி.

"ஏன், வெட்கமா?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"விளையாடாதீங்க. இன்னிக்குச் சுற்றறிக்கை வந்திருக்கு. ஆராய்ச்சி பண்றவங்க தன்னோட மாதிரியைத் தானே பரிசோதிக்கக் கூடாது. சொந்த நலன் குறுக்கிடுமாம்."

"சொந்த ரத்தத்துல சொந்த நலன் இல்லாம, பக்கத்து வீட்டுக்காரன் நலனா இருக்கும்?"

"அதையே கொஞ்சம் மரியாதையா எழுதிக் கேட்டேன். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது'ன்னு சாயங்காலத்துக்குள்ள பதில் வந்துடுச்சு. பதினோரு வருஷத்துல இவ்வளவு சீக்கிரமா வந்த பதில் இதுதான்."

கடையில் வேறு யாரும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தினமும் அங்கே வந்து, கண் பரிசோதனை நாற்காலியில் சாய்ந்து உட்காருவாள். எதிர்ச் சுவரில் உள்ள எழுத்துப் பலகையின் கடைசி வரி அவளுக்கு மனப்பாடம். களைப்பாக இருந்தால் அதைத் தாலாட்டு மாதிரி முணுமுணுப்பாள். அன்றும் முணுமுணுத்தாள். இடது மோதிர விரலில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமை அது.

"நீங்களாவது ஒரு நாள் வந்து பாருங்களேன். உங்களுக்குத் தடை கிடையாது."

"நான் பார்த்து என்ன புரியப்போகுது? சிவப்பா இருக்கும்."

"அங்கதான் ஏமாந்தீங்க. சாயம் போட்ட பிறகு இளம் ரோஜா நிறமா இருக்கும். நடுநடுவுல ஊதா நிறப் பொட்டு, அது வெள்ளையணு. இருபத்திரண்டு வருஷமா குடும்பம் நடத்தறீங்க, பொண்டாட்டி உள்ளே என்ன நிறம்னுகூடத் தெரியல. ஊர்ல இருக்கறவங்க கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுங்க."

"சரி, அடுத்த வாரம் வரேன்."

"எந்த அடுத்த வாரம்?"

"வர்ற அடுத்த வாரம்தான்."

அந்த அடுத்த வாரத்தில் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் பழுதானது. அதற்கடுத்த வாரம் மகளைக் கல்லூரியில் சேர்க்க வெளியூர் போக வேண்டியிருந்தது. அதற்கும் அடுத்த வாரத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. அவர் போகவில்லை, அவ்வளவுதான். அவளும் மறுபடி கூப்பிடவில்லை.

அவள் டாக்டர். மருந்து எழுதுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆராய்ச்சியும் செய்தவள். ஊருக்கு வெளியே செங்கல் சூளைகளில் வேலை செய்கிறவர்கள் ஏன் வெளுத்துப்போகிறார்கள் என்பதுதான் அவள் கேள்வி. சிலருக்குக் குடலில் கொக்கிப்புழு உட்கார்ந்துகொண்டு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். சிலருக்கு மலேரியா. சிலருக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. மூன்று பேர் முகமும் ஒரே மாதிரி வெளுத்திருக்கும், மூன்று பேருக்கும் ஒரே இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதல் ஆளுக்குக் கொடுத்தது புழுவுக்குச் சாப்பாடு, மூன்றாவது ஆளுக்குக் கொடுத்தது விஷம் என்று அவள் வீட்டில் கோபமாகச் சொல்வாள். கொண்டுவந்த ரத்தத்தை ஸ்லைடு என்னும் கண்ணாடித் துண்டில் மெல்லிசாகத் தடவி, சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாகப் பார்த்து, யாருக்கு எது என்று பிரித்தாள். பதினோரு வருடம் இதைச் செய்தாள்.

சாயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்று தெரிய, ஒவ்வொரு மாதமும் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்துத் தடவி வைக்க வேண்டும். அந்த ஒருவர் அவளேதான். முதல் திங்கட்கிழமை தோறும் தன் விரலைத் தானே குத்திக்கொள்வாள். பிளாஸ்திரி அதனால்தான்.

அவள் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. தாழ்வாரத்துக்கு இடப்பக்கம் ரத்தப் பிரிவு, வலப்பக்கம் ஒட்டுண்ணிப் பிரிவு. டாக்டரின் ஆராய்ச்சி இரண்டிலும் கால் வைத்திருந்ததால் இரண்டிலும் அவளுக்கு நாற்காலி இல்லை. தாழ்வாரக் கோடியில், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் ஸ்டோர் ரூமில் அவளை உட்கார வைத்தார்கள். அவளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தீர்மானிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. கொக்கிப்புழுவின் வயிற்றுக்குள் இருக்கும் ரத்தம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது தெரிந்தால்தான் டாக்டர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது தெரியும் என்று குழு முதல் கூட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. குடிக்கப்பட்ட ரத்தம் புழுவின் சொத்து என்றார் ஒட்டுண்ணிப் பிரிவுத் தலைவர். எங்கே போனாலும் ரத்தம் ரத்தம்தான் என்றார் ரத்தப் பிரிவுத் தலைவர். பதினோரு வருடத்தில் குழு நாற்பது முறை கூடியது. புழுவின் கருத்தைத் தவிர மற்ற எல்லாருடைய கருத்தும் பதிவு செய்யப்பட்டது.

அந்த ஜூனுக்கு அடுத்த பிப்ரவரி மாத முதல் திங்கட்கிழமை காலை, செங்கல் சூளையில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் மயங்கி விழுந்தாள். வேறொரு மருத்துவமனையில் பார்த்துச் சொன்னார்கள். ரத்தப் புற்று, முற்றிவிட்டது. மே மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

ஜூலையில் நிறுவனத்திலிருந்து கடைக்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் மூன்று பத்திகள். முதல் பத்தி ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்தது. இரண்டாவது பத்தி, மறைந்த டாக்டரின் பொறுப்பில் இருந்த அடையாள அட்டை ஒன்றையும் ஸ்டேப்ளர் ஒன்றையும் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டது. மூன்றாவது பத்தி, அவருடைய ஆய்வுத் திட்டம் முடித்துவைக்கப்படுவதால் அதன் ஸ்லைடுகள் அனைத்தும் அறுபது நாட்களுக்குள் விதிப்படி அழிக்கப்படும் என்று தகவல் சொன்னது.

கடைக்காரர் மூன்றாவது பத்தியை நாலைந்து தடவை படித்தார். பிறகு மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மாவோட ரத்தம் இன்னும் அங்க இருக்கும்மா."

"அப்பா, அதை என்ன செய்யப்போறீங்க?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரே ஒரு தடவை பார்க்கணும். அழிக்கறதுக்கு முன்னாடி."

"அப்போ போய்க் கேளுங்கப்பா. இதுக்கு என்ன."

இதுக்கு என்ன என்றுதான் அவரும் நினைத்தார்.

வாசல் காவலாளி ஒரு சீட்டை எடுத்தார். அதில் 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. பரிசோதனை, விற்பனை, புகார், இரங்கல்.

"நான் வந்தது..."

"டாக்டரோட வீட்டுக்காரர்தானே? அப்போ இரங்கல்" என்று காவலாளி நான்காவது கட்டத்தில் குறி போட்டார். "இரங்கலுக்கு இருபது நிமிஷம். அதுக்குமேல இருந்தா மறுபடி சீட்டு வாங்கணும் சார்."

நிர்வாக அலுவலர் எழுந்து நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். அவருடைய மூக்குக் கண்ணாடி இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு நிமிடத்தில் வளைத்துச் சரிசெய்துவிடலாம். கடைக்காரருக்குக் கை குறுகுறுத்தது. இப்படிப்பட்ட கண்ணாடியைப் பார்த்தால் அவருக்கு எதிராளி பேசுவது காதில் விழாது.

"சார், உங்க கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அலுவலரின் முகம் மாறியது. "பாருங்க, துக்கம் இருக்கறது புரியுது. ஆனா நிறுவனத்துக்குக் கண்ணாடி சப்ளை பண்ணணும்னா டெண்டர் வழியாத்தான் வரணும்."

"ஐயோ, அதுக்கு வரலைங்க. என் மனைவியோட ஸ்லைடு விஷயமா..."

"எனக்குத் தெரியும். வாயால சொல்லக் கூச்சமா இருக்கும்." அலுவலர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். "எல்லாரும் இப்படித்தான், வேற எதையாவது சொல்லிக்கிட்டே வருவாங்க. கருணை அடிப்படையில வேலை. இந்தாங்க விண்ணப்பம். இதுல தப்பே இல்ல. உங்க உரிமை."

"எனக்குக் கடை இருக்குங்க."

"அதை நாலாவது பத்தியில எழுதுங்க."

இருபது நிமிடம் முடிந்துவிட்டதாகக் காவலாளி வந்து சொன்னார். கடைக்காரர் விண்ணப்பத்தை நிரப்பாமல் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்து, கருணை அடிப்படையில் வேலை கோரும் அவரது விண்ணப்பம் வயது வரம்பு கடந்துவிட்டதால் நிராகரிக்கப்படுவதாகக் கடிதம் வந்தது. இன்னும் ஒரு வாரத்தில், இந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யாமல் ஒத்துழைப்பு நல்கியதற்கு நன்றி தெரிவித்து இன்னொரு கடிதம் வந்தது.

"கேட்டீங்களாப்பா?" என்றாள் மகள் போனில்.

"எனக்கு வேலை கிடைக்கலையாம்மா."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. அடுத்த வாரம் மறுபடி போறேன்."

அடுத்த வாரம் என்று சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மறுநாளே போனார்.

இந்தத் தடவை நேராக ரத்தப் பிரிவுக்குப் போனார். பிரிவுத் தலைவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"மேடத்தோட ஸ்லைடா? எத்தனையோ ஆயிரம் இருக்கே."

"அவளோட சொந்த ரத்தம் சார். மாசாமாசம் எடுத்து வச்சது."

"அட, ஒப்பீட்டு ஸ்லைடு! அதுல நோய் எதுவும் இருக்காதே."

"இருக்காதுங்க. நல்ல ரத்தம்."

"அதான் சிக்கல்" என்று தலைவர் வருத்தமாகத் தலையாட்டினார். "எங்க பிரிவோட முழுப் பேரு என்ன? ரத்த நோய்கள் பிரிவு. இயல்பான ரத்தத்தை நாங்க தொட்டா தணிக்கையில கேள்வி வரும். எதிர்ப்பக்கம் கேட்டுப் பாருங்க."

எதிர்ப்பக்கத்தில் ஒட்டுண்ணிப் பிரிவுத் தலைவர் இன்னும் நல்ல மனிதர். பிஸ்கட்டும் கொடுத்தார். "அந்த ரத்தத்துல புழு, பூச்சி, கிருமி ஏதாவது இருந்ததா?"

"இல்லைங்க."

"ஒண்ணுகூட? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மலேரியா வந்ததே இல்லையா?"

"வந்ததில்லைங்க."

"சூளைக்கெல்லாம் போனவங்க. வந்திருக்கலாம். வந்திருந்தா நான் இப்பவே எடுத்துக் கொடுத்திருப்பேன்." அவர் உண்மையாகவே வருந்தினார். "உங்க நேரம், அவங்க ரொம்ப ஆரோக்கியமா இருந்துட்டாங்க. வெளிப்படையாச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. இயல்பான ரத்தத்துக்கு இந்த நிறுவனத்துல பிரிவே கிடையாது."

"அப்போ அது யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல. ஸ்டோர் ரூம்ல இருக்கு."

"நான் அங்க போய்..."

"போகலாம். ரெண்டு பிரிவுல ஏதாவது ஒண்ணு கையெழுத்துப் போட்டா உடனே போகலாம்."

அவர் தாழ்வாரத்தில் நின்றார். கோடியில் அந்தக் கதவு தெரிந்தது. கதவுக்கு வெளியே மூன்று கால் நாற்காலி ஒன்று சுவரில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்த நாற்காலி. 'அதுக்குக்கூட வெளியில இடம் கிடைச்சுடுச்சுங்க' என்பாள். முப்பது அடி தூரம்தான். கால்கள் இரண்டு அடி வைத்தன. யாரோ "சார், சீட்டு?" என்றார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் நினைவேந்தல் கூட்டம் நடந்தது. மகளும் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மேடையில் டாக்டரின் படத்தைத் திறந்து வைத்தார்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். நிறுவனத்தின் முத்திரை அவள் கன்னத்தில் பாதியும் காதில் பாதியுமாக விழுந்திருந்தது. அடையாள அட்டைப் படத்தில் மூக்குக் கண்ணாடி அணியக் கூடாது என்பது விதி. கண்ணாடி இல்லாமல் அவள் எதையும் பார்க்க முடியாதவளாக, எதிரில் இருப்பது யார் என்று தேடுகிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும், அவளுக்குத் தன்னைத் தெரியவில்லை என்று அவருக்குப் பட்டது.

இயக்குநர் பேசினார்.

"மறைந்த டாக்டர் இந்த நிறுவனத்திடம் எதையும் எதிர்பார்க்காமல் உழைத்தவர். தனக்கு ஓர் அறை வேண்டும் என்று அவர் இருபத்து மூன்று கடிதங்கள் எழுதினார். அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் நிராகரிக்கவில்லை. இருபத்து மூன்றும் இன்றுவரை பரிசீலனையில் இருக்கின்றன. இனியும் இருக்கும். அந்த வகையில் டாக்டர் நம்மோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்."

கைதட்டல்.

"அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் ஏழிலும் என் பெயர் முதலில் இருக்கிறது. இதை விட்டுக்கொடுக்கும் மனம் எத்தனை பேருக்கு வரும்? நான் கேட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். அந்த மௌனத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். செங்கல் சூளைகளுக்கு வண்டி கேட்டார். வண்டி என்னுடைய பயன்பாட்டில் இருந்ததால் பேருந்தில் போனார். மக்களோடு மக்களாகப் பயணம் செய்யும் வாய்ப்பை இந்த நிறுவனம் அவருக்கு வழங்கியது."

பலத்த கைதட்டல்.

"ரத்த நோய்களைக் கண்டறிவதில் நாம் முன்னணியில் இருக்கிறோம் என்பதை உலகம் அறியும். டாக்டருக்கு நோய் என்று வெளியிலிருந்து நாம் கேள்விப்பட்ட அன்றே, ஒரு நாள்கூடத் தாமதிக்காமல், அவருக்கு மருத்துவ விடுப்பு அளித்தோம்."

மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். கடைக்காரர் அசையவில்லை. மேடை ஏறினால் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயருக்கு எதிரே 'இரண்டு வார்த்தைகள்' என்று போட்டிருந்தது.

கூப்பிட்டார்கள். ஒரு நினைவுப் பரிசைக் கையில் திணித்தார்கள். ரத்தத் துளி ஒன்றைப் புழு சுற்றிக்கொண்டிருக்கும் நிறுவனச் சின்னம், கண்ணாடியில் செய்தது. மைக் முன்னால் நின்று அவர் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம். எனக்கு..."

"மிக்க நன்றி" என்றார் தொகுப்பாளர். "துக்கத்தில் சொல் வரவில்லை. நமக்குப் புரிகிறது. அனைவருக்கும் பின்னால் தேநீர் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது."

அவர் மேடையை விட்டு இறங்குவதற்குள் நாற்காலிகள் காலியாகிவிட்டன. மகள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "விட்டுடுங்கப்பா. இவங்ககிட்ட எதையும் கேக்காதீங்க."

"கேக்கலைம்மா. இன்னும் கேக்கவே இல்ல."

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வந்த கடிதத்தை அவர் பிரிக்காமலே ஒரு நாள் வைத்திருந்தார். பிரித்தபோது அது அழைப்பாக இருந்தது. ஸ்லைடுகளை அழிக்க இரண்டு பிரிவுகளும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டனவாம். தனக்குச் சொந்தமில்லாததை ஒரு பிரிவு எப்படி அழிக்க முடியும்? ஆகவே இரு பிரிவுகளுக்கும் சம்பந்தமில்லாத, நடுநிலையான, ஸ்லைடுகளைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும் என்று குழு முடிவு செய்து, ஒருமனதாக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. குழுவின் வரலாற்றில் ஒருமனதாக எடுக்கப்பட்ட முடிவு அது ஒன்றுதான்.

காவலாளி சீட்டில் இந்தத் தடவை எந்தக் கட்டத்திலும் குறி போடவில்லை. புதிதாக ஒரு கட்டம் வரைந்து, 'அழிப்பு' என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. ஜன்னல் வழியாக முற்பகல் வெயில் மேஜையில் விழுந்துகொண்டிருந்தது. சுவரோரம் உடைந்த நாற்காலிகள், அவற்றின்மேல் ஸ்லைடுப் பெட்டிகள். ஒரு மைக்ராஸ்கோப். ஒரு மூலையில் மூடியுள்ள பெரிய வாளி, கண்ணாடியை உடைத்துப் போடுவதற்கு.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணி எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் ஊதா நிறம் ஏறியிருந்தது. அந்த விரல்களை வைத்தே அவருக்கு யாரென்று தெரிந்தது. ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றிப் பதிவு செய்கிறவள். வீட்டில் மனைவி அவளுக்கு வைத்திருந்த பேர் 'எங்க சாயக்காரம்மா'.

"உக்காருங்க சார். நாலு கால் இருக்கற நாற்காலி அது ஒண்ணுதான். மேடம் உக்கார்ந்தது."

அவர் உட்கார்ந்தார். சாயக்காரம்மா ஒரு தடித்த நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்கல."

"சொல்லுங்கம்மா."

"மேடத்தோட ஸ்லைடை மேடம் பார்க்கக் கூடாதுன்னு உத்தரவு வந்தப்புறம், நான்தான் பார்க்கணும்னு ஆச்சு. பார்த்து இந்தப் படிவத்துல எழுதணும்." அவள் ஒரு தாளைக் காட்டினாள். "இதுல ரெண்டே இடம். சாயம் பிடிச்சிருக்கான்னு பார்த்து 'நிறம் சரி'ன்னு நான் எழுதணும். அதுக்குக் கீழ 'ரத்தம்: இயல்பு'ன்னு அவங்களே அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க. ஒப்பீட்டு ஸ்லைடு எப்பவும் இயல்பாத்தானே இருக்கும், ஒவ்வொரு தடவையும் எதுக்கு எழுதி மையைச் செலவு பண்ணணும்னு. நான் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு நிறத்தைப் பார்ப்பேன். சரின்னு எழுதுவேன். வச்சுடுவேன்."

அவர் தாளைப் பார்த்தார். 'இயல்பு' என்பது அழகான, பெரிய எழுத்தில் இருந்தது.

"போன வாரம் அழிக்கறதுக்குப் பட்டியல் எடுக்கச் சொன்னாங்க. அழிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் மைக்ராஸ்கோப்புல வச்சு, நல்லாப் பார்த்து, உறுதி பண்ணி எழுதணுமாம். வச்சிருக்கறப்போ அப்படி விதி கிடையாது. அழிக்கும்போது மட்டும்தான். அப்போதான் மேடத்தோடதை முதல் தடவையா..." அவள் படிவத்தை மேஜையில் வைத்தாள். "எனக்குப் பெரிய படிப்பெல்லாம் இல்ல சார். ஆனா முப்பது வருஷமா ரத்தம் பார்க்கறேன். ஊதாப் பொட்டு அங்கொண்ணு இங்கொண்ணு இருக்கணும். இது கூட்டம் கூட்டமா, பெருசு பெருசா நிக்குது. முதல்ல நம்பல. என் கண்ணாடிக்குப் பவர் மாறிப்போச்சோன்னு நினைச்சேன். உங்க கடையில போட்டதுதான், பவர் எழுதின சீட்டை மேடம் கொண்டுவந்து வாங்கிக் கொடுத்தாங்க, ரெண்டு வருஷம் ஆச்சு."

"கழட்டிக் கொடுங்க" என்றார் அவர்.

அவள் கழற்றிக் கொடுத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து இரண்டு பக்கமும் துடைத்தார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, படிவத்தின் எழுத்துகளுக்கு மேலே வைத்து, மெல்ல மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். இடது கண், வலது கண். பதற்றமில்லாமல் செய்தார். அந்த அறைக்கு வந்ததிலிருந்து அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பிறகு அவள் மேஜைமேல் ஒரு தாளின் பொடி எழுத்தைக் காட்டி, போட்டுக்கொண்டு படிக்கச் சொன்னார். தடங்கலில்லாமல் படித்தாள்.

"பவர் சரியாத்தான் இருக்கும்மா" என்றார். "நீங்க பார்த்தது சரிதான்."

சாயக்காரம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாழ்வாரத்தில் யாரோ யாரையோ 'ஃபைல் எங்கே' என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டார் அவர்.

"எட்டு ஸ்லைடு. ஜனவரியிலேர்ந்து பின்னாடி போய்க்கிட்டே இருந்தேன். டிசம்பர், நவம்பர், எல்லாத்துலயும் இருக்கு. ஜூன்லதான் ஆரம்பம். அதுக்கு முந்தின மே மாசத்துல ஒண்ணுமே இல்ல, சுத்தமா இருக்கு. ஜூன்லயே யாராவது ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா... என்னைத் திட்டுங்க சார். யார்கிட்டயாவது திட்டு வாங்கணும்போல இருக்கு. இயக்குநர்கிட்டப் போய்ச் சொன்னேன். படிவத்துல 'இயல்பு'ன்னு இருக்கும்போது ஸ்லைடுல வேற மாதிரி இருக்க வாய்ப்பில்லன்னுட்டார்."

அவர் திட்டவில்லை. ஜூன் என்ற சொல்லோடு நின்றுவிட்டிருந்தார். பரிசோதனை நாற்காலியில் சாய்ந்தபடி எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனைவி முணுமுணுத்தது காதில் கேட்டது. எந்த அடுத்த வாரம் என்று கேட்டாளே. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். வந்திருந்தாலும் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஊதாப் பொட்டு நிறைய இருக்கே என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதுமே. விதியாவது சுற்றறிக்கையாவது என்று அவரைத் தள்ளிவிட்டு அவளே குனிந்து பார்த்திருப்பாள்.

"ஏன் சார்" என்றாள் சாயக்காரம்மா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ரெண்டு மாசமா வந்துட்டுப் போறீங்கன்னு காவலாளி சொன்னாரு. வேலை கேட்டு வந்ததா இங்க பேச்சு. மேடம் உங்களைப் பத்திச் சொன்னதை வச்சுப் பார்த்தா எனக்கு அது நம்பிக்கையா இல்ல. நீங்க எதுக்காக வந்தீங்க சார்? உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கட்டடத்தில் இதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. பதிலை வாயில் வைத்துக்கொண்டே இத்தனை அறைகளில் ஏறி இறங்கியிருந்தார். மைக்ராஸ்கோப்பின் கண் வைக்கும் வில்லையில் தூசி படிந்திருந்தது. கையிலிருந்த துணியால் அதை மெல்லத் துடைத்தார். நாற்காலியை அதன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஜூன் மாசத்தோடதை எடுங்கம்மா" என்றார். "வந்து பாருங்கன்னு அவ கூப்பிட்டா. நான் அடுத்த வாரம் வரேன்னு சொன்னேன். இப்போ வந்திருக்கேன். எனக்கு அதை ஒரு தடவை பார்க்கணும்."